நகம் பதியாததை நாய் வாயில் கொடுக்காதீர்கள்: கடிபொம்மை கேள்வி பதில்

நாய்களுக்கான கடிபொம்மைகள் பற்றி வந்த கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவர் ஒருவர் பதில் சொல்கிறார்.

டாக்டர், எங்கள் லேப் குட்டிக்கு நாலு மாதம். செருப்பு, சோபா கால், ஒயர் எதையும் விடுவதில்லை. என்ன வாங்கிக் கொடுக்கலாம்? (திருச்சி)

பால்பல் விழுகிற நேரம் இது. 28 பால்பல்லும் விழுந்து 42 பல் முளைத்து முடியும்போது குட்டிக்கு ஆறு, ஏழு மாதம் ஆகிவிடும். அதுவரை ஈறு குறுகுறுக்கும், கடிக்கத்தான் செய்யும். அதட்டுவதைவிடக் கடிக்க வேறொன்றைக் கொடுப்பதே வழி. குட்டிகளுக்கென்று வரும் மென்ரப்பர் பொம்மை வாங்குங்கள். பெரிய நாய்க்கான கெட்டி ரப்பர் இப்போது வேண்டாம். நூல் பிரியாத பருத்தித் துண்டை நனைத்து, முறுக்கி, முடிச்சுப் போட்டு ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்தும் கொடுக்கலாம். பக்கத்திலேயே இருங்கள், குளிர் போனதும் வாங்கிவிடுங்கள். பழைய செருப்பைக் கொடுத்துப் பழக்காதீர்கள். பழசு எது, நேற்று வாங்கியது எது என்று குட்டிக்குத் தெரியாது. ஒயரை எட்டாத உயரத்தில் கட்டுங்கள், இன்றைக்கே.

கடையில் இருபது வகை தொங்குகிறது. பாதுகாப்பானது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (கோவை)

முதலில் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். கொஞ்சமாவது பள்ளம் விழ வேண்டும். விழாவிட்டால் திருப்பி வைத்துவிடுங்கள்.

காரணம் இதுதான். மேல்தாடையில் இருபக்கமும் நாலாவது முன்கடைவாய்ப்பல் என்று ஒன்று உண்டு. கீழ்ப்பல்லோடு உரசிக் கத்தரிக்கோல் போல வெட்டுகிற பெரிய பல். கெட்டியான பொருள் கிடைத்தால் நாய் அதை வாயின் ஓரத்துக்குத் தள்ளி அந்தப் பல்லால்தான் அமுக்கும். பொருள் விட்டுக்கொடுக்கவில்லை என்றால் பல்லின் வெளிப்பக்கம் செதிலாகப் பெயர்ந்துவிடும். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் உடைந்த இடத்தின் நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி தெரியும். அது பல்லின் உயிர்க்கூழ். நாளானால் கறுத்துப்போகும். அந்த வழியாகக் கிருமி வேருக்கு இறங்கினால் கண்ணுக்குக் கீழே வீங்கும். கண்ணில் கட்டி என்று நினைத்துச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அதற்கு வேர் சிகிச்சை செய்ய வேண்டும், இல்லையென்றால் பல்லைப் பிடுங்க வேண்டும்.

அதனால் மாட்டுக் குளம்பு, மான் கொம்பு, கெட்டி நைலான் எலும்பு, சுர்பி என்கிற இமயமலைப் பக்கத்துக் கெட்டிப் பாலாடைக்கட்டி எதுவும் வேண்டாம். நம் காட்டு மான்களின் கொம்பை விற்பது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

அடுத்தது அளவு. பொம்மை முழுதாகக் கோரைப்பல்லைத் தாண்டி உள்ளே போகக் கூடாது. வீட்டில் இரண்டு நாய் இருந்தால் பெரிய நாயின் வாய்க்குத்தான் அளவு பார்க்க வேண்டும். ஒட்டவைத்த கண், மணி, ரிப்பன் இருந்தால் தள்ளிவிடுங்கள். குழந்தைகள் பொம்மைக்கு 2021 ஜனவரி முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். அந்த ஆணை நாய்ப் பொம்மைக்குப் பொருந்தாது. ஆகவே சாயம் கையில் ஒட்டினாலோ மண்ணெண்ணெய் வாடை அடித்தாலோ வாங்காதீர்கள்.

டென்னிஸ் பந்து? (நாகர்கோவில்)

எறிந்து விளையாட மட்டும். அதன் ரோமம் மண்ணைப் பிடித்துக்கொண்டு உப்புத்தாள் மாதிரி பல்லைத் தேய்த்துவிடும். பெரிய நாய்க்குத் தொண்டையை அடைக்கிற அளவும் அதுதான். ஆட்டம் முடிந்ததும் எடுத்து வையுங்கள்.

கயிற்றுப் பொம்மை பல்லைச் சுத்தம் செய்யும் என்று கடைக்காரர் சொன்னார். (வேலூர்)

நீங்களும் நாயும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்து விளையாடலாம். தனியாகப் படுத்துக் கடிக்கவிடக் கூடாது. விழுங்கிய நூலின் ஒரு முனை நாக்கடியிலோ இரைப்பையிலோ மாட்டிக்கொண்டால், நாடாவை இழுத்ததும் பாவாடை இடுப்பு சுருங்குமே, அப்படிக் குடல் அதன்மேல் சுருங்கி ஏறும். இழுபட இழுபட நூல் குடலை அறுக்கும். ஆசனவாயில் நூல் தொங்கினால் இழுக்காதீர்கள், வெட்டாதீர்கள். அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

வெள்ளை நிறத்தில் முடிச்சுப் போட்ட எலும்பு விற்கிறதே? (ஈரோடு)

அது எலும்பில்லை, மாட்டுத்தோல். ஊறினால் வழவழத்துப் பெரிதாகும். முடிச்சு தளர்ந்து கடைசித் துண்டை மொத்தமாக விழுங்கும்போதுதான் அடைக்கிறது. என் பதில், வேண்டாம்.

பிரியாணி எலும்பு போட்டுத்தான் எங்கள் தாத்தா காலத்திலிருந்து நாய் வளர்க்கிறோம். ஒன்றும் ஆனதில்லை. பொம்மை விற்கவா இதெல்லாம்? (மதுரை)

உங்கள் வீட்டு நாய்களுக்கு ஒன்றும் ஆகாததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்தக் காலத்தில் ஒரு நாய் இரண்டு நாள் தின்னாமல் கிடந்து செத்தால் வயிற்றைத் திறந்து பார்த்தவர் யார்? வெந்த எலும்பு ஈரம் இழந்து நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். கோழிக்கால் எலும்பை ஒடித்துப் பாருங்கள், முனை ஊசியாக நிற்கும். உணவுக்குழாயையும் குடலையும் குத்துவது அதுதான். மசாலாவில் வெங்காயமும் பூண்டும் சேர்ந்திருக்கும்; இரண்டுமே நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

அதே மதுரைக்காரன்தான். குக்கரில் பத்து விசில் விட்டால் எலும்பு மாவாகிவிடும். அதில் என்ன ஊசி?

நியாயமான கேள்வி. நீண்ட நேரம் அழுத்தத்தில் வெந்த கோழி எலும்பு மெத்தென்று ஆவது உண்மை. ஆனால் கழுத்தும் விலாவும் மசிகிற நேரத்தில் தொடை எலும்பின் நடுத்தண்டு மசிவதில்லை. ஒவ்வொரு துண்டையும் இரண்டு விரலால் நசுக்கிப் பார்க்க வேண்டும். மாவாகாத ஒன்றே ஒன்று போதும் குத்துவதற்கு. ஆட்டெலும்பு பத்து விசிலுக்கு மசியவே மசியாது. மசிந்ததையும் நிறையப் போட்டால் மலம் சுண்ணாம்பாக இறுகி, நாய் முக்கிக்கொண்டு நிற்கும். சத்துக்காகத்தான் என்றால் உப்பு, மசாலா போடாத எலும்புச் சாற்றை வடிகட்டிச் சோற்றில் ஊற்றுங்கள்.

பச்சை எலும்பு நொறுங்காதே, மேடம்? (சென்னை)

வெந்த அளவு நொறுங்காது. ஆனால் மாட்டுத் தொடை எலும்பில் நகம் பதியுமா? மேலே சொன்ன பல் அதில்தான் உடைகிறது. பச்சை எலும்பில் இருக்கக்கூடிய சால்மோனெல்லா கிருமி நாயின் வாயிலிருந்து குழந்தையின் கைக்கும் வரும். பாக்கெட்டில் விற்கிற பதப்படுத்திய எலும்பும் தப்பில்லை என்று நினைக்க வேண்டாம். அடைப்பு, வாய்ப்புண், மரணம் வரை புகார்கள் வந்து, 2017இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதைக் கொடுக்க வேண்டாம் என்று எச்சரித்தது.

சிப்பிப்பாறை, கன்னி மாதிரி நாட்டு நாய்களுக்கு வயிறு வேறு மாதிரி இல்லையா? (விருதுநகர்)

இல்லை. குடல் ஒன்றுதான், பல்லும் ஒன்றுதான். எலும்பு பற்றி இதோடு போதும், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

காங் என்கிற, உள்ளே குழிவான ரப்பர் பொம்மைக்குள் என்ன அடைப்பது? வைத்த ஐந்தாவது நிமிடம் எறும்பு வந்துவிடுகிறது. (தஞ்சாவூர்)

குழைந்த சோறு, வேகவைத்த எலும்பில்லாக் கோழி, மசித்த பூசணி, கடைசியில் வாயடைக்கக் கொஞ்சம் கெட்டித் தயிர். இறுக அடைக்காதீர்கள், முதல் தடவை தளர்வாக இருந்தால்தான் நாய்க்கு ஆர்வம் விடாது. நாலு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்துக் கொடுங்கள். எறும்புக்கு ஒரே வழி, சாப்பிட்டு முடித்த அரை மணிக்குள் எடுத்து, பாட்டில் பிரஷ் விட்டு வெந்நீரில் கழுவுவது. நம் வெயிலில் மிச்சம் ஒரு மதியத்தில் புளித்துவிடும். எந்தப் பொம்மையிலும் இரண்டு பக்கமும் துளை இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே துளை என்றால் காற்று உறிஞ்சி நாக்கு உள்ளே மாட்டிக்கொள்ளும். வேர்க்கடலை வெண்ணெய் தடவுவதென்றால் லேபிளில் சைலிட்டால் என்கிற இனிப்பூட்டி இல்லையென்று பாருங்கள். நாயின் உடல் எடையில் கிலோவுக்கு 0.1 கிராம் உள்ளே போனாலே அதன் ரத்தச் சர்க்கரை அளவு விழுந்துவிடும்.

ராட்வைலருக்கு எந்தப் பொம்மையும் ஒரு நாள் தாங்குவதில்லை. உடையாததாகச் சொல்லுங்கள். (ஓசூர்)

உடையாதது என்று ஒன்று இருந்தால் அது பல்லை உடைக்கும். கறுப்பு ரப்பரில் ஒரு அளவு பெரியதாக வாங்குங்கள், துண்டு பெயர்ந்த அன்றே தூக்கிப்போடுங்கள்.

சுர்பி இயற்கையானதுதானே? (பெங்களூரு)

நகம் பதிகிறதா? கோவைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

மாட்டுக் குளம்பு கொடுக்கலாமா? (கடலூர்)

அதே பதில். நகம்.

டாக்டர், நேற்று ராத்திரி எங்கள் பீகிள் மாங்கொட்டையை முழுசாக விழுங்கிவிட்டது. காலையிலிருந்து மூன்று தடவை வாந்தி. உப்புத் தண்ணீர் கொடுத்து எடுக்கலாமா? (சேலம்)

உப்புத் தண்ணீர் கொடுக்கவே கூடாது, உப்பே விஷமாகிவிடும். மாங்கொட்டை செரிக்காது, பீகிள் அளவு நாயின் குடலில் வழக்கமாக மாட்டிக்கொள்கிற பொருள் அது. சாப்பாடும் தண்ணீரும் நிறுத்திவிட்டு, ஸ்கேனும் அறுவை சிகிச்சை வசதியும் உள்ள மருத்துவமனைக்கு இப்போதே கிளம்புங்கள். எக்ஸ்ரேயில் கொட்டை தெளிவாகத் தெரியாமல் போகலாம், அதனால் என்ன விழுங்கியது, எத்தனை மணிக்கு, எத்தனை தடவை வாந்தி, கடைசியாக எப்போது மலம் போனது என்று அங்கே போனதும் சொல்லுங்கள். இன்னொரு கொட்டை வீட்டில் இருந்தால் அளவு காட்ட அதையும் எடுத்துப் போங்கள்.