செத்த கோழியை அலிகேட்டருக்குப் போட ஒரே உரிமம் போதுமா?

பண்ணையில் செத்த கோழிகளை அலிகேட்டருக்கு இரையாகப் போடும் திட்டத்துக்கு நீங்கள் அனுப்பிய விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டதாகச் சொல்லி, இதற்கு ஒரே உரிமம் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இறந்த பிராய்லர் கோழிகளை அகற்றும் முறை வேளாண் துறையின் பொறுப்பு. ஆனால் அவற்றைத் தின்னும் அலிகேட்டர் முதலைகளை வணிகமாக வளர்க்க, இயற்கை வளத் துறையின் உரிமம் தனியாக வேண்டும். தோலை விற்பதானால் கூட்டாட்சி விதிகளும், சைட்டிஸ் (அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) கோரும் அடையாளப் பட்டையும் சேர்ந்துகொள்ளும்.

உங்கள் விண்ணப்பம் திரும்பியதற்கு, முதலைக் குளத்தை வெறும் கழிவு அகற்றும் வழியாக மட்டுமே காட்டியிருப்பது காரணமாக இருக்கலாம்.

மறுபடி அனுப்புமுன் குளிர்காலத் திட்டம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். வெப்பநிலை சுமார் 21 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால் அலிகேட்டர் பெரும்பாலும் இரையெடுப்பதை நிறுத்திவிடும். கோழிகளோ ஜனவரியிலும் சாகும். ஆகவே சூடேற்றிய கொட்டகையோ, மாற்று வழியாக உரமாக்கும் கிடங்கோ இல்லாத திட்டத்தை எந்த அதிகாரியும் நம்பமாட்டார் (நம்பவும் கூடாது).

ஓர் எச்சரிக்கை: கோழிகள் திடீரெனக் கூட்டமாகச் செத்தால் ஒன்றைக்கூட இரையாகப் போடாமல், மாநிலக் கால்நடை மருத்துவருக்குத் தெரிவியுங்கள். 2004-இல் தாய்லாந்தில், பறவைக் காய்ச்சல் கண்ட கோழிகளைத் தின்ற புலிகள் பல மடிந்தன. அலிகேட்டர் புலி அல்லதான். ஆனாலும் கிருமியுள்ள இறைச்சியைப் பண்ணைக்குள் கொண்டுபோகும் வண்டியும் ஆட்களும் அங்கிருந்து அடுத்த கோழிக் கொட்டகைக்கே திரும்புகிறார்கள்.