எடை மேடையில் ஏறும் தண்ணீர்: கேள்வி-பதில்

கேள்வி: இரண்டு ஏக்கர் மானாவாரிச் செம்மண் நிலம். காகித ஆலைக்கு விற்பதற்குச் சவுக்கு நடுவதா, தைலமரம் நடுவதா? (புதுக்கோட்டை)

பதில்: மானாவாரி என்றால் தைலமரம். வெட்டிய அடிக்கட்டையிலிருந்து மறுதாம்பு துளிர்ப்பதால், புதிய நாற்றுச் செலவின்றி இன்னும் ஓரிரு வெட்டுகள் கிடைக்கும். சவுக்கு தன் வேர் முடிச்சுகளில் காற்றின் நைட்ரஜனைச் சேர்த்து மண்ணுக்கு நன்மை செய்தாலும், தொடக்கத்தில் பாசனம் கேட்கும். ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் புதிதாக நட வேண்டும்.

கேள்வி: சவுக்கை டன் கணக்கில் விற்றேன். வியாபாரி வெட்டிப்போட்டு, மூன்று வாரம் கழித்தே லாரி அனுப்பினார். எதிர்பார்த்த எடை வரவில்லை. (கடலூர்)

பதில்: பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி தண்ணீர். ஆயிரம் கிலோவில் 500 கிலோ ஈரம் என்று வைத்துக்கொண்டால், ஈரம் ஐந்தில் ஒரு பங்காகும் வரை உலர்ந்தபின் அதே மரம் 625 கிலோதான் நிற்கும். அந்த அளவுக்கு உலர மாதங்கள் ஆகும் என்றாலும், வெயிலில் கிடக்கும் மெல்லிய கழிகள் முதல் சில வாரங்களிலேயே விரைவாக எடை இழக்கும். காகிதக் கூழுக்கு உரிய நார் அப்படியே இருக்க, குறைந்தது உங்கள் தொகை மட்டுமே. ஈரத்தை அளந்து விலை பேசாமல் வெறும் எடைக்கு மரம் வாங்கும் இந்த வழக்கம் விளைவித்தவரையே தண்டிக்கிறது என்பது என் நெடுநாள் மனக்குறை. வெட்டிய எத்தனை நாளுக்குள் ஏற்ற வேண்டும், பட்டை உரித்த எடையா உரிக்காத எடையா என்பவற்றை அடுத்த முறை எழுதி வாங்குங்கள். வெற்று லாரியை எடை போடும்போதும் உடன் நில்லுங்கள்.

கேள்வி: மலிவாகக் கிடைத்ததென்று மழைக்காலத்தில் உணவகத்துக்கு ஒரு லோடு தைலமர விறகு வாங்கினேன். புகைதான் வருகிறது. (திருச்சி)

பதில்: எரியும் வெப்பத்தின் ஒரு பகுதி ஈரத்தை ஆவியாக்கவே செலவாகிறது. தங்கையின் திருமணத்துக்கு இதே தவற்றைச் செய்தேன். முகூர்த்தம் முடியும்வரை சமையற்காரர் என்னோடு பேசவில்லை. பிளந்து, மழை படாமல் காற்றோட்டமாக அடுக்கிவைத்துக் காத்திருங்கள். அடுத்த முறை காய்ந்த சவுக்கு விறகு வாங்குங்கள்; அடர்த்தி மிகுந்ததால் நின்று எரியும். வெட்டுமுகத்தில் வெடிப்பு இருக்கிறதா, ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஒலிக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: மூன்றே ஆண்டுகளில் லட்சக்கணக்கில் வருமானம் என்றார்கள், ஆயிரம் மலைவேம்பு நாற்று வாங்கினேன். ரசீது தரவில்லை. (ஈரோடு)

பதில்: நீங்கள் கேட்கவில்லை. கூழுக்கும் ஒட்டுப்பலகைக்கும் மலைவேம்பு ஆகும். ஆனால் ஒட்டுப்பலகைக்குரிய பருமன் மூன்றாண்டில் வராது.

கேள்வி: வேலியில்லாமல் சூபாபுல் நடலாமா? (மதுரை)

பதில்: ஊரார் ஆடுகளுக்காகவென்றால் தாராளமாக நடலாம்.