பாலில் எலுமிச்சை பிழியலாமா? கீ லைம் பை கேள்வி பதில்

"எந்தப் பை? துணிப்பையா?" என்று என் மாமியார் முதலில் கேட்டார். இல்லை, இது தின்கிற பை. பிஸ்கெட் தூளை வெண்ணெயில் பிசைந்து தட்டின் அடியில் அழுத்தி, அதன்மேல் எலுமிச்சைச் சாறு கலந்த கண்டென்ஸ்டு மில்க்கை ஊற்றிச் செய்யும் அமெரிக்க இனிப்பு. ஃபுளோரிடாவின் தென்கோடியில் இருக்கும் கீ வெஸ்ட் தீவு இதற்குப் பேர் போனது. நான் இதைப் பல வருடங்களாக வீட்டில் செய்து விற்கிறேன். அடிக்கடி வரும் கேள்விகளுக்கு மொத்தமாக இங்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அளவு, எல்லாரும் கேட்பது அதைத்தான். 8 அங்குலத் தட்டுக்கு: பிஸ்கெட் 150 கிராம், உருக்கிய வெண்ணெய் 70 கிராம், கண்டென்ஸ்டு மில்க் 400 கிராம், முட்டையின் மஞ்சள் கரு 4, எலுமிச்சைச் சாறு 120 மி.லி., துருவிய தோல் இரண்டு டீஸ்பூன். பிஸ்கெட் அடியை 175 டிகிரி செல்சியஸில் 10 நிமிடம் சுட்டு ஆறவிடுங்கள். மற்றதைக் கலந்து ஊற்றி, அதே சூட்டில் 15 நிமிடம். ஆறியதும் ஃபிரிட்ஜில் குறைந்தது 4 மணி நேரம்.

பாலில் எலுமிச்சை பிழிந்தால் திரிந்துவிடுமே அக்கா? பன்னீர் செய்வதே அப்படித்தானே? (மதுரை)

நல்ல கேள்வி. முழுப் பையும் இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது. பாலில் புளிப்பு சேர்ந்தால் அதிலிருக்கும் கேசீன் என்ற புரதம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கொதிக்கிற பாலில் பிழிந்தால் படாரென்று ஒட்டிக் கட்டியாகும், தண்ணீர் தனியே பிரியும். அதைத்தான் திரிந்துபோச்சு என்கிறோம். ஆனால் உறை ஊற்றிய பாலிலும் நடப்பது இதேதான்! மெதுவாகப் புளித்து, தண்ணீரை உள்ளேயே பிடித்துக்கொண்டு தயிராக உறைகிறது.

கண்டென்ஸ்டு மில்க் இந்த இரண்டாவது கட்சி. தண்ணீரை வற்றவைத்துவிட்டார்கள், புரதம் நெருக்கமாக இருக்கிறது, பாதியளவு சர்க்கரை. அந்தப் பாகு போன்ற கெட்டித்தன்மையில் புரதம் கட்டி கட்டியாகப் பிரிய வழியில்லை, மொத்தமும் சேர்ந்து உறைகிறது. சாற்றை ஊற்றிக் கலக்கும்போதே கரண்டிக்கு அடியில் கெட்டியாவது தெரியும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அது வேடிக்கைதான்.

அதனால் சாற்றைக் கண்ணளவாக ஊற்றாதீர்கள், அளந்து ஊற்றுங்கள். புளிப்பு குறைந்தால் பை உறையாது. "குழந்தைகளுக்குப் புளிக்கும்" என்று பாதிச் சாறு ஊற்றியவர்களுடைய பை எல்லாம் பாயசமாகத்தான் முடிந்திருக்கிறது.

கீ லைம் இங்கே கிடைக்குமா? சென்னையில் ஒரு கடையில் விசாரித்தேன், இறக்குமதிப் பழம் என்று யானை விலை சொன்னார்கள்.

ஐயோ, வாங்கிவிடாதீர்கள். உங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கிற சின்ன எலுமிச்சைதான் அது! தாவரவியலில் இரண்டுக்கும் ஒரே பெயர், சிட்ரஸ் ஆரண்டிஃபோலியா. மெல்லிய தோல், நிறைய விதை, பழுத்தால் மஞ்சள். நாம் ஆங்கிலத்தில் பேசும்போது இதை லெமன் என்று சொல்லிப் பழகிவிட்டோம், உண்மையில் இது லைம். பெரிய லெமன் வேறு பழம். புளியங்குடி சந்தையில் மூட்டை மூட்டையாக இறங்குவதும், பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி பி.கே.எம். 1 என்ற பெயரில் வெளியிட்ட ரகமும் இந்த இனம்தான்.

இது ஆசியப் பழம். அரேபியர் கையில் மேற்கே போய், ஸ்பானியர்களோடு கரீபியன் தீவுகளுக்குக் கப்பலேறி, ஃபுளோரிடாவின் தீவுக்கூட்டத்தில் வேர்விட்டது. 'கீ' என்றால் சாவி இல்லை. சிறு தீவைக் குறிக்கும் 'காயோ' என்ற ஸ்பானியச் சொல் மருவி வந்தது.

நான் டொராண்டோவில் இருக்கிறேன். இங்கே பெரிய பச்சை லைம்தான் கிடைக்கிறது.

அது பெர்சியன் லைம், விதை இருக்காது. அதுவும் சரிதான், பை நன்றாகவே உறையும். மணம்தான் கொஞ்சம் குறைவு. ஃபுளோரிடாவிலேயே 1926 புயலில் கீ லைம் தோப்புகள் அழிந்த பிறகு விவசாயிகள் பெர்சியன் லைமைத்தான் நட்டார்கள். இதில் அங்கே எவ்வளவு வீறாப்பு என்றால், கீ லைம் இல்லாமல் செய்ததை அந்தப் பெயரில் விற்றால் 100 டாலர் அபராதம் என்று 1965இல் ஒரு சட்டமன்ற உறுப்பினர் மசோதாவே கொண்டுவந்தார். நிறைவேறவில்லை. 2006இல் இதை மாநிலத்தின் அதிகாரபூர்வ பையாக அறிவித்துவிட்டார்கள்.

சின்ன வலைப்பைகளில் கீ லைம் வந்தால் வாங்குங்கள். வராவிட்டால் தோலைத் தாராளமாகத் துருவிப் போடுங்கள்.

பச்சை கலர் எவ்வளவு சேர்க்க வேண்டும் மேடம்?

ஒரு சொட்டுகூட வேண்டாம். இதன் நிறம் வெளிர் மஞ்சள்.

வீட்டில் ஓவன் இல்லை. முட்டையும் சேர்த்துக்கொள்ள மாட்டோம். நாங்கள் என்ன செய்வது? (கும்பகோணம்)

தாராளமாகச் செய்யலாம். மஞ்சள் கருவுக்குப் பதில் 150 கிராம் கெட்டித் தயிர். துணியில் கட்டித் தொங்கவிட்டு நீர் முழுவதும் வடிந்த, புளிக்காத தயிராக இருக்கட்டும். கண்டென்ஸ்டு மில்க்கும் சாறும் அதே அளவு. பிஸ்கெட் அடியைச் சுடாமல் ஃபிரிட்ஜில் அரை மணி நேரம் இறுகவைத்து, இந்தக் கலவையை ஊற்றி ராத்திரி முழுக்க உள்ளே விட்டுவிடுங்கள். முட்டை போட்டதைவிட மெத்தென்று இருக்கும், ஆனால் துண்டு போட வரும்.

முட்டை சேர்ப்பவர்கள் ஓவன் இல்லாமல் செய்ய, அடிகனமான வாணலியில் இரண்டு கப் உப்பைப் பரப்பி, மேலே ஸ்டாண்டு வைத்து, மூடி 10 நிமிடம் சூடாக்குங்கள். தட்டை உள்ளே வைத்து மிதமான தீயில் 20 நிமிடம். அந்த உப்பைச் சமையலுக்குத் திரும்ப எடுக்காதீர்கள், அடுத்த முறைக்கு டப்பாவில் போட்டு வையுங்கள்.

பழைய முறையில் முட்டை போட்டும் சுடாமலே செய்வார்களாமே?

செய்தார்கள். எலுமிச்சைப் புளிப்பே முட்டையை வேகவைத்துவிடும் என்ற நம்பிக்கை. இறுகும், உண்மைதான். ஆனால் முட்டையில் இருக்கக்கூடிய சால்மொனெல்லா கிருமி அதில் சாகும் என்று நம்ப முடியாது. கலவை 71 டிகிரியைத் தொட வேண்டும். சுட்டுவிடுங்கள்.

போன வாரம் செய்தேன், ஒரே கசப்பு. எங்கே தப்பு?

பெரும்பாலும் தோலில். மஞ்சள் மேல்தோலை மட்டும் துருவ வேண்டும், வெள்ளை தெரிந்ததும் நிறுத்துங்கள். பழத்தை முழுதாக இருக்கும்போதே துருவிவிட்டு அப்புறம் பிழியுங்கள். கடைசிச் சொட்டு வரை நசுக்காதீர்கள், விதை நசுங்கினாலும் கசக்கும். பாட்டில் சாறு வாங்கி ஊற்றியிருந்தால் அதுவும் காரணமாக இருக்கலாம்.

இன்னொன்று, எதில் கலக்கினீர்கள்? நான் ஆரம்பத்தில் அண்ணன் மகன் பிறந்தநாளுக்கு அலுமினியச் சட்டியில் கலந்து, அதிலேயே ஒரு மணி நேரம் வைத்துவிட்டேன். பை முழுக்கத் தகர டப்பா வாசம். பையன் நாசூக்காக பிஸ்கெட்டை மட்டும் தின்றான். எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடி பிஸ்கெட் உதிர்ந்துவிடுகிறது.

மாரி பிஸ்கெட்டா? அதில் கொழுப்பு குறைவு, வெண்ணெயை இன்னும் 15 கிராம் கூட்டுங்கள். ரவை போலப் பொடித்து, கிண்ணத்தின் அடியால் அழுத்துங்கள். கல்லு மாதிரி ஆகிவிட்டது என்றால் வெண்ணெய் கூடிப்போச்சு.

சாத்துக்குடி, ஆரஞ்சில் செய்யலாமா?

தனியாக வேண்டாம். புளிப்பு போதாது, உறையாது. சாறில் மூன்றில் இரண்டு பங்கு எலுமிச்சை இருக்கட்டும், மீதி ஆரஞ்சு. தோல் துருவலை முழுக்க ஆரஞ்சிலிருந்து எடுத்தால் வாசம் தூக்கும். நார்த்தங்காயை ஊறுகாய்க்கே விட்டுவிடுங்கள்.

மேலே கிரீமா, மெரிங்கா? நான் அடித்த கிரீம் தண்ணியாகவே இருக்கிறது.

ஃபுளோரிடாவிலேயே இரண்டு கட்சி உண்டு. மெரிங் என்பது வெள்ளைக் கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்து மேலே போட்டுச் சுடுவது. நம் ஊர்ப் புழுக்கத்தில் அது நீர் விட்டு வழுக்கிக்கொண்டு ஓடும், என் ஓட்டு கிரீமுக்கே. ஆனால் சின்ன டெட்ரா பாக்கெட்டில் வரும் ஃபிரெஷ் கிரீமில் கொழுப்பு 25 சதவீதம்தான், எவ்வளவு அடித்தாலும் எழும்பாது. 35 சதவீதத்துக்கு மேல் இருக்கிற விப்பிங் கிரீம் கேட்டு வாங்குங்கள். கிண்ணத்தையும் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு அடியுங்கள்.

நடுவில் ஆடுகிறதே, வேகவில்லையோ என்று இன்னும் 20 நிமிடம் வைத்தேன். பாளம் பாளமாக வெடித்துவிட்டது.

நடு ஆடத்தான் வேண்டும். ஓரம் இறுகி, தட்டை அசைத்தால் நடுப்பகுதி கட்டித் தயிர் போலத் தளதளவென்று ஆடினால் எடுத்துவிடுங்கள். மீதியை ஃபிரிட்ஜ் பார்த்துக்கொள்ளும். வெடித்த பையையும் தூக்கிப் போடாதீர்கள். மேலே கிரீமைப் பூசிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?