ஏழு பட்டையா, ஆறு பட்டையா?

அன்புள்ள அக்கா,

கோவையில் நண்பர்கள் ஜூன் மாதம் நடத்தும் எல்ஜிபிடிக்யூ (தன்பாலீர்ப்பினர், திருநர் உள்ளிட்டோர்) விழாவுக்கு லோகோ, போஸ்டர், மேடை பேனர் எல்லாம் என் பொறுப்பு. இணையத்தில் தேடினால் வானவில், இதயம், கோத்த கைகள் என்று ஒரே படமே திரும்பத் திரும்ப வருகிறது. எதைப் பார்த்து ஆரம்பிப்பது? முதல் வரைவை இணைத்திருக்கிறேன்.

கே., கோவை

அன்புள்ள கே.,

வரைவைத் திறந்ததும் பட்டைகளைத்தான் எண்ணினேன். ஏழு. பள்ளிக்கூடப் பாடத்து வானவில்லுக்கு அது சரி, எல்ஜிபிடிக்யூ வானவில் கொடிக்கு ஆறுதான்.

1978 ஜூன் 25 அன்று சான் பிரான்சிஸ்கோ ஊர்வலத்துக்காக அமெரிக்கக் கலைஞர் கில்பர்ட் பேக்கரும் நண்பர்களும் குப்பைத் தொட்டிகளில் சாயம் கரைத்து, கையால் முக்கியெடுத்துத் தைத்த முதல் கொடியில் எட்டுப் பட்டைகள் இருந்தன. அடர் ரோஸ் துணி மொத்தமாகக் கிடைக்கவில்லை, அது போனது. அடுத்த வருடம் மார்க்கெட் தெரு விளக்குக் கம்பங்களில் நெட்டாகத் தொங்கவிடப் பார்த்தால், ஏழில் நடுப்பட்டையைக் கம்பம் மறைத்தது, நீலப்பச்சையும் போனது. துணிக்கடையும் விளக்குக் கம்பமும் சேர்ந்து போட்ட டிசைன் அது. (சாயத்தைப் பற்றிக் கோவைக்காரருக்கு நான் சொல்லவே வேண்டாம்.) ஒரு அடையாளத்தை எடுப்பதற்கு முன் அதை யார், எதற்கு, எந்தப் பொருளில் செய்தார்கள் என்று பார்த்துவிடுங்கள்.

இதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். பல வருடங்களுக்கு முன் ஓர் அழைப்பிதழில் இளஞ்சிவப்பு முக்கோணங்களை மிட்டாய் போலத் தூவியிருந்தேன். பெரியவர் ஒருவர் போன் செய்து, "அதை யார் சட்டையில் தைத்தார்கள் தெரியுமாம்மா?" என்று மட்டும் கேட்டார். நாஜி முகாம்களில் தன்பாலீர்ப்பு ஆண்கள் நெஞ்சில் தலைகீழாகத் தைக்கப்பட்ட முக்கோணம் அது. 1987-இல் நியூயார்க்கில் சிலர் அதை நிமிர்த்தி, கறுப்புப் பின்னணியில் வைத்து, கீழே 'மௌனம் = மரணம்' என்று எழுதி எய்ட்ஸ் காலத்துச் சுவர்களில் ஒட்டினார்கள். அதைப் போய் நான் அலங்காரமாக்கியிருந்தேன்.

சரி, எங்கே தேடுவது? சென்னையில் 2009-இலிருந்து வானவில் பேரணி நடக்கிறது. அந்தப் படங்களில் முகங்களை விட்டுவிட்டு அட்டைகளைப் பாருங்கள், மார்க்கர் பேனாவில் அவரவர் கையெழுத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள், எந்த எழுத்து தூரத்திலிருந்து படிக்க முடிகிறது என்று. முகம் வேண்டுமென்றால் உரியவரிடம் கேட்காமல் போடாதீர்கள், வீட்டுக்குச் சொல்லாதவர்களும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். கூவாகம் திருவிழாவில் திருநங்கைகள் தாலியறுத்து அழும் படத்தைப் பின்னணியாக வைக்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம்.

சொற்களுக்குத் தமிழக அரசு 2022-இல் அரசிதழில் வெளியிட்ட பட்டியல் இருக்கிறது. 'பால்புதுமையர்' (ஆங்கிலத்தில் க்வியர்) போன்ற நீளச் சொல்லை ஆங்கில லோகோவுக்கு அடியில் நசுக்காதீர்கள், தமிழை முதலில் அமைத்துவிட்டு ஆங்கிலத்துக்கு இடம் தேடுங்கள்.

அப்புறம் ஃபிளெக்ஸ். திரையில் பளிச்சென்று இருக்கும் ஊதா, அச்சில் மங்கிப் பக்கத்து நீலத்தோடு ஒட்டிக்கொள்ளும், ஆறு பட்டை ஐந்தாகத் தெரியும். முழு பேனருக்குச் சொல்வதற்கு முன் ஓரடி மாதிரி அடித்து வாங்கி, வெயிலில் பிடித்து எண்ணிப் பாருங்கள்.