பழைய குறியீட்டை அழிக்கலாமா?

அலுவலக மென்பொருளில் மாஸ்டர் பட்டியல்களைப் பராமரிப்பது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். நாடு, நாணயம், அளவை அலகு, வரி வகை என்று மற்ற எல்லாப் பதிவுகளும் எடுத்துப் பயன்படுத்துகிற சின்னச் சின்னப் பட்டியல்கள் இவை. பல வருடமாக இதே வேலையில் இருக்கிறவள் என்பதால், வந்த கேள்விகளைப் படிக்கும்போது சந்தோஷமாக இருந்தது. யாரும் கவனிக்காத வேலை என்று நினைத்திருந்தேன். இவ்வளவு பேர் அக்கறையோடு செய்கிறீர்கள்.

கேள்வி: நாணயப் பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. யாரும் தொடாத பழைய பதிவுகள் அதில் ஏராளம். டிராப்டவுன் நீளமாகிவிட்டதால் புதிதாக வருகிறவர்கள் தடுமாறுகிறார்கள். வேண்டாததை அழித்துவிடலாமா?

பதில்: அழிக்காதீர்கள், முடக்கி வையுங்கள். யாரும் தொடாத பதிவு என்று நீங்கள் சொல்வது, இன்று யாரும் தேர்ந்தெடுக்காத பதிவு. அதைப் பிடித்துக்கொண்டு எத்தனை பழைய பில்கள் நிற்கின்றன என்பது டிராப்டவுனைப் பார்த்தால் தெரியாது.

குரோஷியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஜனவரி 1 அன்று அந்த நாடு குனாவை விட்டு யூரோவுக்கு மாறியது. ஒரு யூரோவுக்கு 7.5345 குனா என்பது நிலையான விகிதம். அதற்காக 2022-இல் போட்ட பில் யூரோ பில்லாகிவிடாது. அது என்றைக்கும் குனா பில்தான். இப்போது குனாவை அழிக்கப் போனால் என்ன ஆகும்? ஃபாரின் கீ, அதாவது பில் எந்த மாஸ்டர் பதிவைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று தரவுத்தளத்துக்குச் சொல்லும் இணைப்பு, ஒழுங்காகப் போட்டிருந்தால் தரவுத்தளம் அழிக்கவே விடாது. அப்படி மறுத்தால் எரிச்சல்படாதீர்கள், அது உங்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஃபாரின் கீ இல்லையென்றால் பதிவு போய்விடும். பழைய பில்லைத் திறந்தால் 5,000 என்று தொகை இருக்கும், எந்த நாணயத்தில் 5,000 என்று இருக்காது. இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. ஒரு பதிவை அழித்தால் அதைச் சார்ந்தவற்றையும் சேர்த்து அழிக்கும்படி யாராவது அமைத்து வைத்திருந்தால், பில்களே காணாமல் போகும். உங்கள் மென்பொருளில் இந்த மூன்றில் எது நடக்கும் என்று புரோகிராமரிடம் இன்றே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முடக்குவதிலும் இரண்டு வழி இருக்கிறது. பெரும்பாலான மென்பொருள்களில் 'ஆக்டிவ்' என்று ஒரு டிக் பெட்டி மட்டும் இருக்கும். அது இன்றைய நிலையை மட்டும்தான் சொல்லும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்று இரண்டு கட்டங்கள் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்; இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். 2022 டிசம்பர் தேதியிட்ட பில் ஜனவரி இரண்டாம் வாரம்தான் கைக்கு வருகிறது என்று வையுங்கள். அதைப் பதிவு செய்கிறவருக்குக் குனா பட்டியலில் வர வேண்டும். 2023 தேதி போடுகிறவருக்கு வரவே கூடாது. டிக் பெட்டியால் இதைச் செய்ய முடியாது, தேதிகளால் முடியும். அப்புறம் டிராப்டவுனும் தானாகச் சுருங்கிவிடும், புதியவர்களும் தடுமாற மாட்டார்கள்.

அழிக்கவே கூடாதா என்றால், ஒரே ஒரு சந்தர்ப்பம் உண்டு. தவறுதலாக உருவாக்கி, எந்தப் பதிவும் எடுத்துப் பயன்படுத்தாத ஒன்றை அழிக்கலாம். ஆனால் உங்கள் மென்பொருளோடு நின்றுவிடாமல், அதிலிருந்து தரவை எடுக்கும் வேறு மென்பொருள்களிலும் தேடிப் பார்த்துவிட்டு அழியுங்கள்.

கேள்வி: பழைய குறியீடு ஒன்று சும்மா கிடக்கிறது. புதிதாக ஒன்றைத் திறப்பதற்குப் பதில், அதன் பெயரை மட்டும் மாற்றிப் பயன்படுத்திக்கொள்ளலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். உலக அளவில் இது நடந்து, எல்லோரும் சிரமப்பட்டிருக்கிறார்கள். நாடுகளின் இரண்டெழுத்துக் குறியீடுகளை ஐ.எஸ்.ஓ. 3166 என்ற தரநிலை வரையறுக்கிறது. செக்கோஸ்லோவாக்கியாவின் குறியீடு 'சி.எஸ்.' 1993-இல் அந்த நாடு இரண்டாகப் பிரிந்ததும் குறியீடு காலியானது. 2003-இல் அதே 'சி.எஸ்.'ஐ செர்பியா-மான்டெனெக்ரோவுக்குக் கொடுத்தார்கள். 2006-இல் அதுவும் பிரிந்தது. ஆக, பழைய கோப்பில் 'சி.எஸ்.' என்று இருந்தால், தேதி தெரியாமல் அது எந்த நாடு என்று யாராலும் சொல்ல முடியாது.

நான் பார்த்த ஒரு அலுவலகத்தில் இதே தவறு அளவை அலகில் நடந்தது. 'பெட்டி' என்றால் 12 என்று வைத்திருந்தார்கள். பொருள் 10 எண்ணிக்கையில் வர ஆரம்பித்ததும் மாஸ்டரில் 12-ஐ 10 ஆக மாற்றிவிட்டார்கள். கிடங்கில் ஏற்கெனவே இருந்த பெட்டிகள் எல்லாம் கணினிக்கு அந்த நொடியே பன்னிரண்டிலிருந்து பத்தாகக் குறைந்தன. இருப்புக் கணக்கு உதைத்தது. கிடங்கில் இருந்தவர்மேல் சந்தேகம் விழுந்தது. பாவம், அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. 'பெட்டி (10)' என்று புது அலகு ஒன்றைத் திறந்திருந்தால் யாருக்கும் வருத்தம் இருந்திருக்காது.

எப்போது பெயரை மாற்றலாம், எப்போது புதுக் குறியீடு வேண்டும் என்று குழப்பமாக இருந்தால், குறியீடு எதைக் குறிக்கிறதோ அது மாறியதா என்று பாருங்கள். சுவாஸிலாந்து 2018-இல் எஸ்வாட்டினி ஆனது. பெயர்தான் புதிது, நாடு அதே நாடு. அதனால் 'எஸ்.இசட்.' குறியீடு அப்படியே இருக்கிறது. அதே ஆண்டு மவுரித்தேனியாவில் நாணயத்தின் பெயர் மாறவில்லை, ஊகியாதான். ஆனால் பழைய 10 ஊகியா புதிய 1 ஊகியா ஆனது. மதிப்பு மாறியதால் 'எம்.ஆர்.ஓ.' போய் 'எம்.ஆர்.யு.' என்று புதுக் குறியீடு வந்தது. முதலாவதில் பெயரைத் திருத்தினால் போதும். இரண்டாவதில் பழையதற்கு முடிவுத் தேதி போட்டுவிட்டுப் புதுப் பதிவு திறக்க வேண்டும்.

கேள்வி: பட்டியலை எக்செல்லில் எடுத்துத் திருத்தி மறுபடி ஏற்றுகிறேன். சில குறியீடுகள் தாமாகவே மாறிவிடுகின்றன. ஏன்?

பதில்: எக்செல் உங்கள் குறியீட்டை எண் என்றோ தேதி என்றோ நினைத்துக்கொள்கிறது. ஆப்கானிஸ்தானின் எண் குறியீடு 004. சாதாரணமாகத் திறந்தால் 4 ஆகிவிடும். 15 இலக்கத்துக்கு மேற்பட்ட எண்களில் மீதி இலக்கங்கள் பூஜ்ஜியமாகும். சில மரபணுக்களின் குறியீடுகளைத் தேதியாக மாற்றி எக்செல் படுத்திய பாட்டில், 2020-இல் அந்த மரபணுக்களுக்கே புதுக் குறியீடு கொடுத்தார்கள். நமீபியாவின் குறியீடு 'என்.ஏ.' சில நிரல்கள் அதைத் 'தகவல் இல்லை' என்று எடுத்துக்கொண்டு வெறுமையாக்கிவிடும்.

சி.எஸ்.வி. கோப்பை (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) இரட்டைச் சொடுக்கால் திறக்காதீர்கள். எக்செல்லைத் திறந்து, 'டேட்டா' பகுதி வழியாக உள்ளே எடுத்து, குறியீடுகள் உள்ள நெடுவரிசைகளை 'டெக்ஸ்ட்' என்று குறிப்பிடுங்கள். முடிந்தவரை முழுப் பட்டியலையும் திருப்பி ஏற்றாமல், மாற்றிய வரிகளை மட்டும் ஏற்றுங்கள்.

கேள்வி: வாடிக்கையாளர் பெயர்களைத் தமிழில் வைத்திருக்கிறோம். ஒரே பெயர் இரண்டு முறை இருக்கிறது. கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லை. தேடினால் ஒன்று மட்டும் வருகிறது.

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. தமிழில் தரவு வைத்திருக்கிற எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 'கொ' என்ற எழுத்தை, கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் தரநிலையான யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகரக் குறியை ஒரே குறியாகப் போடலாம். ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் போடலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு வேறு வேறு. இதற்கு மருந்து சுலபம். பெயரைச் சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் என்.எஃப்.சி. என்ற வடிவத்துக்கு மாற்றச் சொல்லுங்கள்; இரண்டு விதமும் அதில் ஒன்றாகிவிடும். பெரும்பாலான நிரல்மொழிகளில் இதற்கு வசதி இருக்கிறது.

என்.எஃப்.சி.க்குப் பிடிபடாதவையும் உண்டு. 'கௌரி'யில் வருவது ஔகாரக் குறி. நிறையப் பேர் அதற்குப் பதில் 'கெ' போட்டு ளகரத்தைத் தட்டுகிறார்கள்: 'கெளரி'. பார்க்க ஏறக்குறைய ஒன்று, ஆனால் எழுத்தே வேறு. 'ஸ்ரீ'யிலும் இதே சிக்கல். ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த 'ஶ' எழுத்தில் தொடங்கியும் எழுதலாம். இவற்றுக்குத் தனியாக விதி எழுதித்தான் பிடிக்க வேண்டும். பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் வெற்றிடங்களையும் அப்போதே நீக்கிவிடுங்கள்.

இரட்டைப் பதிவைக் கண்டுபிடித்ததும் ஒன்றை அழித்துவிடத் தோன்றும். முதல் பதிலில் சொன்னதுதான் இங்கேயும். எது நிற்கப் போகிறது என்று முடிவு செய்து, மற்றதை முடக்கி, 'இதற்குப் பதில் அது' என்று அதிலேயே குறித்து வையுங்கள். யாராவது பழைய எண்ணைச் சொல்லிக்கொண்டு வந்தால் வழி தெரியும்.

கேள்வி: மாஸ்டரில் யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று எங்கள் அலுவலகத்தில் விட்டிருக்கிறார்கள். சரியா?

பதில்: சரியில்லை. ஒருவர் திருத்த, இன்னொருவர் ஒப்புதல் தர வேண்டும். முக்கியமாக, சரக்கு தருகிறவர்களின் வங்கிக் கணக்கு எண்ணில் இதைக் கண்டிப்பாக வையுங்கள். பழைய மதிப்பு, புதிய மதிப்பு, யார், எப்போது, எதற்காக ஆகிய ஐந்தும் பதிவாக வேண்டும். 'எதற்காக' என்ற கட்டத்தை நிரப்பாமல் சேமிக்க விடாதீர்கள். ஒரு வருடம் கழித்து எல்லோரும் தேடப்போவது அதைத்தான்.

கேள்வி: எல்லா நாணயத்துக்கும் தசம இடம் 2 என்று வைத்துவிட்டார்கள். ஜப்பானிய யென்னுக்குத் தசமமே இல்லையே, 0 என்று மாற்றிவிடவா?

பதில்: நீங்கள் சொல்வது சரி. யென்னுக்கு 0, குவைத் தினாருக்கு 3. ஆனாலும் உடனே கை வைக்காதீர்கள். உங்கள் மென்பொருள் தொகையை எப்படிச் சேமிக்கிறது என்று முதலில் கேளுங்கள். சில மென்பொருள்கள் தசமப் புள்ளி இல்லாமல் முழு எண்ணாகச் சேமித்து, காட்டும்போது மாஸ்டரைப் பார்த்துப் புள்ளி வைக்கும். அப்படியென்றால் 1,500 யென் உள்ளே 150000 என்று இருக்கும். நீங்கள் 2-ஐ 0 ஆக்கியதும் பழைய பில்கள் எல்லாம் 1,50,000 யென் என்று காட்டும். யென்னில் இதுவரை ஒரு பில்லும் போடவில்லையென்றால் தாராளமாக மாற்றுங்கள். போட்டிருந்தால், பழைய தொகைகளையும் சேர்த்து மாற்றும் நிரலைப் புரோகிராமர் எழுதி, சோதனைப் பிரதியில் ஓட்டி, கணக்குப் பிரிவு மொத்தத்தைச் சரிபார்த்த பிறகு இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றச் சொல்லுங்கள்.