போனில் வழி கேட்பவருக்குக் குழப்பமில்லாமல் வழி சொல்வது எப்படி?

முதலில், அவர் எங்கே நிற்கிறார், எதைப் பார்த்து நிற்கிறார் என்று கேளுங்கள். இது தெரியாமல் இடது, வலது என்று சொல்வதில் பயனே இல்லை. பாதிப் பேர் தடுமாறுவது இங்கேதான்.

மதுரை ரயில் நிலையத்திலிருந்து மீனாட்சியம்மன் கோயிலுக்கு நடந்து போக வழி கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "நேரா போங்க" என்பது போதாது. இப்படிச் சொல்லலாம்: "ஸ்டேஷன் முன்வாசல்ல, ஸ்டேஷனுக்கு முதுகு காட்டி நில்லுங்க. முன்னால போறது மேலவெளி வீதி. அதைத் தாண்டினா டவுன்ஹால் ரோடு. அதுலயே நடங்க, மேலக்கோபுரம் வந்துடும். பெரியார் பஸ் ஸ்டாண்ட் வந்துட்டா வலப்பக்கம் திரும்பிட்டீங்கன்னு அர்த்தம், வந்த வழியே திரும்புங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் பலரும் சொல்வதில்லை. வழி தவறினால் எது கண்ணில் படும் என்று தெரிந்தால், அவர் தானே திருத்திக்கொள்வார்.

மதுரையில் இன்னொரு வசதி, தெருப்பெயரே திசை சொல்லும். மேலமாசி என்றால் கோயிலுக்கு மேற்கே. மாசி, ஆவணி மூலம், சித்திரை என்ற வரிசையில் வீதிகள் வந்தால் கோயிலை நெருங்குகிறீர்கள். உங்கள் ஊரில் இப்படி இல்லையென்றால் பாலம், பெட்ரோல் பங்க் போல இடம் மாறாத அடையாளங்களைச் சொல்லுங்கள். தள்ளுவண்டிக் கடை வேண்டாம், சாயங்காலம் அது அங்கே இருக்காது.

அப்புறம், ஒரே மூச்சில் மூன்று திருப்பங்களுக்கு மேல் சொல்லாதீர்கள். மிச்சத்துக்கு, அந்த இடம் வரை போய்த் திரும்பக் கூப்பிடச் சொல்லுங்கள். போனை வைக்குமுன் சொன்னதை அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.