ஒரு கோட்டைக்காக ஊரையே பெயர்த்து நட்டார்கள் என்பது உண்மையா?

கேள்வி: நெதர்லாந்தில் பிரபு ஒருவர் தன் கோட்டைக்காக ஒரு கிராமத்தையே இடம் மாற்றினாராமே, நிஜமாகவா?

நிஜம்தான். ஊர் ஹார்சாய்லன்ஸ், கோட்டை டி ஹார். நான் உட்ரெக்ட்டில் குடியிருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கே கூட்டிப் போவது வழக்கமாகிவிட்டது. ஃப்ளூட்டன் ரயில் நிலையத்தில் இறங்கி சைக்கிளை மிதித்தால், கொஞ்ச நேரத்தில் வயல்களுக்கு அப்பால் கூம்புக் கோபுரங்கள் தெரியும். அகழி, பாலம் எல்லாம் உண்டு. "எத்தனை நூற்றாண்டுப் பழசு?" என்று எல்லோரும் கேட்பார்கள். இப்போது கண்ணில் படுவதில் பெரும்பகுதி 1892-க்கும் 1912-க்கும் இடையில் எழுந்தது என்று சொன்னதும் முகம் சுண்டிவிடும்.

அதற்காகப் போலி என்று ஒதுக்கிவிட முடியாது. அந்த இடத்தில் கோட்டை இருந்ததற்கு 1391 முதலே பதிவு இருக்கிறது. டி ஹார் குடும்பத்துப் பெண்ணைக் கட்டிய வகையில் 15-ஆம் நூற்றாண்டில் அது ஃபான் சாய்லன் குடும்பத்துக்குப் போனது. 1482-இல் எரிந்தது, மறுபடி கட்டினார்கள். 17-ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு கவனிக்க ஆளில்லாமல் போய், கடைசியில் மிஞ்சியது குட்டிச்சுவர்.

அந்தக் குட்டிச்சுவர்தான் பரம்பரைச் சொத்தாக நீங்கள் கேட்ட பிரபு, எட்டியென் ஃபான் சாய்லன் கைக்கு வந்தது. அவரிடம் பழைய பெயர் இருந்தது. பணம் வந்தது மனைவி வழியில். 1887-இல் அவர் மணந்த ஹெலன், ராத்சைல்டு என்ற பெரிய வங்கிக் குடும்பத்துப் பெண். (இந்த அம்மாவைப் பற்றியே தனியாக ஒரு பதில் எழுதலாம். 1898-இல் பாரிஸிலிருந்து ஆம்ஸ்டர்டாம் போய்த் திரும்பும் கார் பந்தயத்தில் கலந்துகொண்டவர். வைத்துக்கொண்ட பட்டப்பெயர் 'நத்தை'!)

கட்டடக் கலைஞர் பியர் காய்பர்ஸ். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியம், சென்ட்ரல் ரயில் நிலையம் இரண்டும் அவர் கைவேலைதான். இந்தக் கோட்டையில் அவர் செய்த ஒரு காரியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பழைய சுவரையும் புதுச் சுவரையும் ஒன்றாகப் பூசி மெழுகவில்லை. மிஞ்சிய பழைய சுவர்மேல் கட்டும்போது வேறு வகைச் செங்கல்லைப் போட்டார். அகழி ஓரம் நின்று சுவரைப் பொறுமையாகப் பார்த்தால் பழசு எங்கே முடிந்து புதுசு எங்கே ஆரம்பிக்கிறது என்று பிடித்துவிடலாம். உள்ளே போனால் சுமார் 200 அறை, 30 குளியலறை. சொந்த ஜெனரேட்டரில் மின்விளக்கு, நீராவியில் வீடு முழுக்கச் சூடு, சமையலறையில் கிட்டத்தட்ட ஆறு மீட்டர் நீள அடுப்பு. வெளியே மாவீரர் காலத்து வேஷம், உள்ளே அன்றைக்குச் சந்தைக்கு வந்த புதுசு அத்தனையும்.

சரி, கிராமத்துக்கு வருவோம். கோட்டை என்றால் சுற்றிலும் பூங்கா வேண்டாமா? கன்று நட்டு அது வளரும்வரை காத்திருக்கப் பிரபுவுக்குப் பொறுமையில்லை. நாற்பது வயது மரங்களாக 7,000 வாங்கிக் கொண்டுவந்து நட்டார்கள். உட்ரெக்ட் நகரத்துக்குள் அந்த மரங்கள் திரும்ப வழியில்லாத இடத்தில் வீட்டை விலைக்கு வாங்கி இடித்தார்கள் என்றும் சொல்வார்கள். பூங்கா வரவேண்டிய இடத்தில் ஒரு ஊர் இருந்தது. ஊரையும் மரம் மாதிரியே கிளப்பிவிட்டார்கள். பழைய வீடுகள் இடிபட்டன, ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் புது ஹார்சாய்லன்ஸ் எழுந்தது. நடுவில் புல்வெளி மைதானம், சுற்றிலும் பழங்கால பாணியில் வீடுகள். காய்பர்ஸோடு அவர் மகன் யோசப்பும் சேர்ந்து வரைந்த ஊர் அது.

"புது வீடு கட்டிக் கொடுத்தாரே, என்ன குறை?" என்று ஆபீஸில் ஒரு டச்சுக்காரர் என்னோடு மல்லுக்கு நின்றார். வீடு நல்ல வீடுதான், மறுக்கவில்லை. ஆனால் குடியிருந்தவர்கள் கோட்டைக்கு வாடகைதாரர்கள். ஜன்னல் கதவுகளைப் பாருங்கள், ஊர் முழுக்கச் சிவப்பும் வெள்ளையும். அது பிரபு குடும்பத்தின் நிறம், இன்றும் அதே சாயம்தான். என் வீட்டு ஜன்னலுக்கு அடுத்தவர் குடும்ப நிறத்தை அடித்துக்கொண்டு இருக்க எனக்கு மனசு வராது. இத்தனையும் செய்து பிரபு குடும்பம் அங்கே தங்கியது வருஷத்தில் கோடை முடியும் சில வாரங்கள்தான், மற்ற நாளெல்லாம் பாரிஸ்.

2000-இல் கோட்டை ஒரு அறக்கட்டளையிடம் போனது. அடுத்த வருஷம் கிராமம் உட்ரெக்ட் மாநகராட்சியோடு சேர்ந்தது.

நீங்கள் போனால் கோட்டையைப் பார்த்த கையோடு திரும்பிவிடாதீர்கள். பூங்காவுக்குள் ஒரு சின்ன தேவாலயம் நிற்கும். இடிக்கும்போது அதை மட்டும் விட்டுவைத்தார்கள். போன நவம்பரில் மழைக்கு அதன் சுவரோரம் ஒதுங்கி நின்றேன். ஒரு வீடு, ஒரு கடை, ஒரு சந்து கிடையாது, சுற்றிலும் ஈரப் புல். தெருவெல்லாம் எழுந்து போய்விட, ஊர்க்கோயில் மட்டும் அங்கேயே இருக்கிறது.